வறுத்த கடலை முளைத்த விவரம்

எருமப்பட்டி,
தாது வருடம், மாசி மாதம்.

கொழும்பில் மளிகைக்கடை நடத்தி நாலு பேர் மெச்ச வாழ்ந்துவரும் சம்பந்தி அங்கமுத்து அவர்கள் சமூகத்துக்கு, எருமப்பட்டி கருப்பண்ணன் தலைப்பாகையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் பொன்னாயியும் இளையவள் கந்தம்மாளும் மாடு கன்றுகளும் சுகம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அங்கே தாங்களும், தங்கள் சம்சாரமான தங்கச்சி ஜானகியம்மாளும், மாப்பிள்ளையும், என் மகள் உண்ணாமலையும், அவள் வயிற்றிலிருக்கும் சிசுவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க எங்கள் ஊர் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். இதெல்லாம் மனசாரச் சொன்னது. கீழே வருவதைப் படித்துவிட்டு மேலே இருப்பதைப் பொய்யென்று நினைத்துவிடக் கூடாது.

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் படித்தேன். பிறகு பொன்னாயிக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. ‘ஏழாம் மாதச் சீர் கொண்டுவருகிறேன் என்று கடல் தாண்டி வந்த அண்ணன் காலி டின்னைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டுப் போனார், தெருவே சிரிக்கிறது’ என்று தங்கச்சி சொல்லிச் சொல்லி அழுவதாக எழுதியிருந்தீர்கள். சம்பந்தி, நான் கொண்டுவந்து வைத்தது காலி டின்தான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது எருமப்பட்டியிலிருந்து புறப்படும்போது மூடி தெறிக்கிற மாதிரி நிறைந்திருந்தது. நடுவில் என்ன ஆனது என்பதைத்தான் எழுதுகிறேன். தாங்கள் இதைத் தங்கச்சிக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். சிரித்த தெருவுக்கும் கேட்கிறாற்போலப் படித்தால் இன்னும் நல்லது.

உண்ணாமலை மார்கழியில் எழுதியிருந்தாள். சோறு வாயில் வைத்தால் குமட்டுகிறது, மீன் வாடை ஆகவில்லை, நம் காட்டுக் கடலையை அம்மா கையால் வறுத்து, உப்புத்தண்ணீர் தெளித்து, அதை நாலு கொறித்தால்தான் உயிர் நிற்கும் போலிருக்கிறது என்று. எழுதியது அவ்வளவுதான். அதைக் கேட்ட வேளையிலிருந்து பொன்னாயி எனக்கு ஒழுங்காகச் சோறு போடவில்லை. கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். சொத்தை என்று ஒதுக்கியதில் ஒன்றை எடுத்து நான் வாயில் போட்டால், “ஏனுங்க, புள்ளைக்குப் போறதுல கையி வெக்கறீங்களே, நீங்க என்ன மனுசனுங்க?” என்கிறாள். ஆற்று மணலைச் சலித்துச் சட்டியில் கொதிக்கவிட்டு, கருகாமல் கமறாமல் வறுத்து, உப்புத்தண்ணீர் தெளித்து, மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்து, அதில் கொட்டினாள். மேலே ஒரு வெள்ளைத் துணியில் எள்ளுருண்டை. வெல்லப்பாகில் ஏலக்காய் தட்டிப் போட்டது. சேலையும் வளையலும் கொழும்பிலேயே வாங்கிக்கொள்ளலாம், சம்பந்தி வீணாகச் சுமக்க வேண்டாம் என்று தாங்களே எழுதியிருந்தீர்கள். ஆகையால் என் மானம் மொத்தமும் அந்த டின்னுக்குள்தான் இருந்தது.

வண்டியில் நாமக்கல் வந்து, பஸ் ஏறித் திருச்சினாப்பள்ளி போய், அங்கே ரயில் பிடித்து, ரயில் முடிகிற இடத்தில் கப்பல் ஏறினேன். கப்பலில் நான் என்ன ஆனேன் என்பதை எழுத மாட்டேன். தலையைத் தூக்க முடியாமல் கிடந்தபோது எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தவர் பக்ருதீன் என்று ஒரு வியாபாரி. சேலத்துக்காரர், கைலி மூட்டையோடு மாதம் தவறாமல் அக்கரைக்குப் போய்வருகிறவர். டின்னில் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“அண்ணே, சுங்கச் சாவடியில எள்ளுன்னு சொல்லிராதீங்க. எள்ளுன்னா எண்ணெய் வித்தும்பான். உருண்டைன்னா மிட்டாயிம்பான். ரெண்டுக்கும் நடுவுல உங்களை நிக்க வெச்சுருவான். புள்ளத்தாச்சிக்கு மருந்துன்னு ஒரே வார்த்தையாச் சொல்லுங்க. மருந்துன்னா மறுபேச்சு இல்லாம விட்டுருவான்” என்றார். நல்ல மனிதர். அவர் வாயில் சர்க்கரை போடலாம் என்று அப்போது நினைத்தேன்.

அக்கரையில் இறங்கினோம். எந்தத் துறை என்று எழுத மாட்டேன். கடிதத்தை வழியில் யார் பிரிக்கிறார்களோ, யார் கண்டது. நீளமாக ஒரு கொட்டகை. மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார துரை ஒருவர், பக்கத்தில் தமிழ் பேசும் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர், இரண்டு பேருக்கும் நடுவில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். உலகத்தில் உள்ள சரக்கு அத்தனைக்கும் அதில் பெயர் இருக்கிறதாம். எந்தப் பெயரோ அந்த வரி. பெயர் இல்லாத சரக்கு கரை ஏறக் கூடாது.

“என்ன கொண்டு வந்தனீர்?” என்றார் குமாஸ்தா.

“கடலைக்காயுங்க, சாமி.”

எனக்கு உதவி செய்வதாக நினைத்துப் பின்னாலிருந்து பக்ருதீன், “மல்லாக்கொட்டைங்க” என்றார். குமாஸ்தா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “இது கச்சான் எல்லோ?” என்றார். மூன்று பேரும் ஒரே நிலக்கடலையைத்தான் சொன்னோம் என்பது தங்களுக்குத் தெரியும். மளிகைக்கடைக்காரர். துரைக்குத் தெரியவில்லை. அவர் மூன்று பெயரையும் எழுதிக்கொண்டு, ‘மூன்று சரக்கு சொல்லப்பட்டிருக்கிறது. ஒன்றுதான் கண்ணில் படுகிறது. மற்ற இரண்டும் எங்கே?’ என்று கேட்கச் சொன்னார். என் பையைக் கொட்டினார்கள். இடுப்பு மடிப்பை உதறச் சொன்னார்கள். தலைப்பாகையை அவிழ்த்து அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளுவதைப் பார்த்தார்கள். என்னோடு பேசிய பாவத்துக்குப் பக்ருதீனின் கைலி மூட்டையையும் பிரித்துப் போட்டார்கள். ஆனால் கைலிக்குப் புத்தகத்தில் ஒரே பெயர்தான் இருந்தது. அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு, “வாரேன் அண்ணே, அல்லா இருக்கான்” என்று சொல்லி ரயிலேறிப் போய்விட்டார். நான் நின்றேன்.

முதலில் எள்ளுருண்டையை எடுத்தார்கள். பக்ருதீன் சொல்லிக்கொடுத்தபடி மருந்து என்றேன். எந்த நோய்க்கு என்றார் குமாஸ்தா. மசக்கைக்கு என்றேன். எத்தனை வேளை என்றார். “பசிக்கறப்பல்லாமுங்க” என்றேன். டாக்டர் சீட்டு எங்கே என்றார். “எம் பொண்டாட்டிதானுங்க பாகு காச்சினா” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு, மருந்தா மிட்டாயா என்பதைத் தின்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று துரை ஒன்றைத் தின்றார். குமாஸ்தா ஒன்று. உள்ளேயிருந்து வேறு அதிகாரிகள் வந்தார்கள், ஆளுக்கு ஒன்று. இனிப்பு என்றார் ஒருவர், கசப்பு என்றார் ஒருவர். கசப்பு எப்படி வரும் சம்பந்தி? இரண்டு பேர் அபிப்பிராயம் ஒத்துவராவிட்டால் இரண்டு பேரும் மறுபடி தின்று பார்க்க வேண்டும் என்பது சட்டமாம், அதற்காகக் கசந்தது. சாயங்காலத்துக்குள் துணிதான் மிச்சம். மறுநாள் காலையில் குமாஸ்தா தீர்ப்பைப் படித்தார். ‘தின்றவர்களில் ஒருவருக்கும் எந்த மாற்றமும் உண்டாகவில்லை. ஆகவே இது மருந்து அல்ல. மருந்து என்று சொன்னது பொய் வாக்குமூலம். சரக்கு இப்போது கைவசம் இல்லாததால் மன்னிக்கப்படுகிறது.’ மன்னித்தார்களாம். எம் பொண்டாட்டி காச்சின பாகைத் தின்னுபோட்டு என்னை மன்னிச்சாங்களாம்!

அடுத்தது கடலை. கொட்டை என்று ஒரு தலைப்பு, ஆனால் அது மரத்தில் காய்ப்பதற்கு. “இது எங்கே காய்க்குது?” என்றார்கள். மண்ணுக்குள்ளே என்றேன். அப்படியானால் கிழங்கா என்று துரைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உப்புப் போட்டிருக்கிறதா என்றார்கள். ஆமாம் என்றேன். உப்பு என்ற சொல் துரை காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, காங்கிரஸ்காரனா என்று கேட்கச் சொன்னார். “நானு குடியானவனுங்க” என்றேன். இரண்டும் வேறு வேறு என்று அவருக்குப் புரியவைக்கக் குமாஸ்தாவுக்கு மத்தியானம் ஆகிவிட்டது.

கடைசியில் இரண்டே தலைப்பு மிஞ்சியது. விதை என்று ஒன்று, பக்குவம் செய்த பருப்பு என்று ஒன்று. பக்குவம் செய்ததென்றால் வரியைக் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம். விதையென்றால் பயிர்நோய் டாக்டர் வந்து பார்த்துப் புகை போட்டு, காகிதம் கொடுக்கும் வரைக்கும் சர்க்கார் காவல்.

“வறுத்ததுங்க, சாமி! வாசமே சொல்லுமே. இது எப்படி வெதையாகும்?”

“வாசத்துக்குப் புத்தகத்தில இடமில்லை” என்றார் குமாஸ்தா. “முளைச்சால் விதை, முளையாட்டில் பக்குவம். துரை அப்பிடித்தான் கட்டளை போட்டிருக்கிறார்.”

சம்பந்தி, நான் சத்தியமாகச் சொல்கிறேன். வறுத்த கடலையை ஊன்றிப் பார்க்க உத்தரவு போட்டார்கள். சிகரெட் டப்பாவில் மண்ணை நிரப்பி, அதற்கு அரக்கு முத்திரை வைத்த காகிதம் ஒட்டி, டின்னிலிருந்து இரண்டு கடலையை எடுத்துச் சேவகன் கையில் கொடுத்து ஊன்றச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வறுத்தது முளைக்காது, நாளைக்கே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. முளைக்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றார்கள். முளைக்காத ஒன்று முளைக்கிறவரைக்கும் எப்படிங்க காத்திருக்கறது என்று கேட்டேன். அதற்கும் புத்தகத்தில் இடமில்லை.

அந்தச் சேவகன் பெயர் சின்னான். அயோத்தியாப்பட்டணத்தான். “அண்ணா, நானும் நம்ம சேலம் ஜில்லாதான். கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிக் கொட்டகை ஓரத்தில் எனக்குப் படுக்க இடம் காட்டினான், தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பேச்சுக்குப் பேச்சு ஊரை விசாரித்தான். ஒவ்வொரு நாளும் காலையில் துரை வருவார். நேற்றுச் சோதனைக்கென்று எடுத்த மாதிரி பழசாகிவிட்டது என்று டின்னிலிருந்து புது மாதிரி எடுப்பார்கள். ஆளுக்கு ஒரு கை. மேசைக்கு மேசை மாதிரி. ஒருநாள் துரைசானி அம்மாள் வண்டியில் வந்து ஒரு காகிதப் பொட்டலம் நிறைய மாதிரி வாங்கிக்கொண்டு போனார். டின்னில் கடலை இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே என் மகள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்ற நினைப்பு வந்தால் தேத்தண்ணீரைச் சின்னானிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அப்புறம் ஒரு காலையில் டப்பாவில் பச்சையாக ஒரு முளை நின்றது.

கொட்டகையே கூடிவிட்டது. துரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ‘விதை’ என்றார். எனக்குத் தலை சுற்றியது. பொன்னாயி வறுத்தது முளைக்கிறதென்றால் இனி அவள் பொங்கிய சோறும் நாற்றாகக் கிளம்பும். கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். இலை இரண்டும் கூர்மையாக, மெல்லிசாக இருந்தன. கடலை முளை அப்படியா இருக்கும்? எங்கள் ஊரில் கோவணம் கட்டாத பிள்ளைகூடச் சொல்லும்.

“இது பச்சைப்பயறுங்க, சாமி!” என்று கத்தினேன்.

குமாஸ்தா சொல்லத் துரை கேட்டுக்கொண்டார். அவர் சீமையில் செடிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவராம். ‘சர்க்கார் மண், சர்க்கார் டப்பா, சர்க்கார் முத்திரை. ஊன்றியது கடலை. ஆகவே முளைத்தது கடலை’ என்றார். நான் சின்னானைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

ஆள் நகர்ந்ததும் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். காலில் விழுந்துவிட்டான். “அண்ணா, மன்னிச்சிருங்க. ஊனச் சொன்ன கடலைய அன்னைக்கே வாயில போட்டுட்டேன். நம்மூரு வாசம் அடிச்சுதா, கை நிக்கல. நாளைக்குத் துரை தோண்டிப் பாத்தா வேலை போயிருமேன்னு கஞ்சிக்கு வெச்சிருந்த பச்சைப்பயறுல ரெண்டை ஊனிட்டேன். மொளைக்கும்னு நெனைக்கலண்ணா” என்றான்.

“பயறு மொளைக்காம வேற என்னடா பண்ணும்?” என்றேன்.

அடிக்கக் கை ஓங்கினேன். அவன், “துரைகிட்டச் சொல்லுங்கண்ணா, நான் ஊருக்கே போயிடறேன். ஊட்டுக்காரிக்குத்தான் இங்க ஆஸ்பத்திரியில வைத்தியம் நடக்குது” என்றான். கை இறங்கிவிட்டது. போய்ச் சொல்லியிருந்தாலும் நடக்கப்போவது ஒன்றுமில்லை. கடலை முளைத்தது என்று துரை எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கையெழுத்துப் போட்ட பிறகு கடலையே வந்து நான் முளைக்கவில்லை என்று சொன்னாலும் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

குமாஸ்தா எனக்கு இரண்டு வழி சொன்னார். பயிர்நோய் டாக்டர் வருகிறவரைக்கும் இருக்கலாம், அவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. இல்லாவிட்டால் சரக்கை அழித்துவிடச் சம்மதம் என்று கைநாட்டோ கையெழுத்தோ போடலாம். என் மகளைப் பார்க்காமல் இந்தக் கொட்டகையில் கிடந்து சாக முடியுமா? போட்டேன். டின்னை உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். தீயில் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். சாத்திய கதவுக்குப் பின்னால் கடலை அழிகிற சத்தம் கேட்டது. பல்லுள்ளவர்கள் அழித்தார்கள். பல்லில்லாத பெரியவர் ஒருவர் பொடித்துக் கொடுக்கச் சொல்லி அழித்தார். நடுவில் தேத்தண்ணீரும் போயிற்று. பிறகு டின்னை வெளியே கொண்டுவந்து, ‘பழைய டின், வரி இல்லை’ என்று மரியாதையாக என் கையில் கொடுத்தார்கள். சர்க்கார் என்றால் நியாயம் வேண்டாமா!

அதைத் தூக்கிக்கொண்டுதான் தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். வந்ததுமே விவரத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாயைத் திறந்தேன். தங்கச்சி, “முதல்ல குளிச்சுட்டு வாங்கண்ணா” என்றார்கள். குளித்துவிட்டு வந்து வாயைத் திறந்தேன். “சாப்புடுங்கண்ணா” என்றார்கள். சாப்பிட்டுவிட்டுத் திறப்பதற்குள் தெருப் பெண்டுகள் சீர் பார்க்க வந்து டின்னைத் திறந்துவிட்டார்கள். அத்தனை பேர் முகமும் என் பக்கம் திரும்பியது. “துரைங்க தின்னுபோட்டாங்க” என்றேன். யார் நம்புவார்கள்? பொய் சொல்வதானால் இதைவிட நல்லதாக ஒன்று சொல்லியிருக்க மாட்டேனா என்றாவது தங்கச்சி யோசித்திருக்கலாம்.

எல்லோரும் போன பிறகு உண்ணாமலை டின்னை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே குனிந்தாள். அடியில் ஒட்டியிருந்த உப்பை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள். “அப்பா, அம்மா வறுத்த வாசம் அப்படியே இருக்குதுங்கப்பா” என்றாள். அதற்குமேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. மறுநாளே புறப்பட்டுவிட்டேன். அதையும் ‘கோபித்துக்கொண்டு போனார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம்தான், தங்கள்மேல் அல்ல.

ஆகவே சம்பந்தி, நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்தச் சுங்கத்துக்காரர்களைப் போலப் பிறத்தியார் பண்டத்தைத் தின்று ஏப்பம் விடுகிற கூட்டத்தை நான் கண்டதில்லை. காட்டில் எலி தின்கிறது, காக்காய் தின்கிறது. அவை தின்றுவிட்டுப் போகின்றனவே தவிர, தின்றதற்கு நம்மிடம் கையெழுத்து வாங்குவதில்லை. சுங்கத்தில் சேவகம் பார்க்கிற எவனுக்கும் இனி என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. அந்தத் துரையின் பெயரையும் குமாஸ்தாவின் பெயரையும் விசாரித்து எழுதுங்கள். பெரிய இடத்துக்கு மனுப் போடப்போகிறேன், பத்திரிகைக்கும் எழுதப்போகிறேன். தங்கள் தெருவில் தப்பட்டை அடித்து இந்த விவரத்தைச் சொன்னாலும் எனக்குச் சம்மதமே.

தங்கச்சி ஜானகியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். உண்ணாமலையை மாடிப்படி ஏறவிட வேண்டாம், தண்ணீர்க் குடம் தூக்கவிட வேண்டாம். பிறக்கிற குழந்தை பல்லோடும் பசியோடும் நூறாண்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
எருமப்பட்டி கருப்பண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் தரகர் சின்னண்ணன் வந்தார். எங்கள் இளையவள் கந்தம்மாளுக்கு ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். தங்கள் சொந்த ஊரான வெண்ணந்தூரில் பையனின் தாய்மாமன் இருக்கிறாராம். பையன் பள்ளிக்கூடம் முழுசாகப் படித்தவன், ஒரு துறைமுகத்தில் சுங்கக் குமாஸ்தாவாக இருக்கிறான். “அந்த ஊட்டுல அரிசி, பருப்பு, சர்க்கரை எதையும் காசு குடுத்து வாங்கற வழக்கமே இல்லீங்க, அத்தனையும் மாதிரியாவே வந்துருதுங்க” என்று தரகர் சொன்னதும் பொன்னாயி என்னைக் கேட்காமலே ஜாதகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்கும் இப்போது யோசித்துப் பார்க்கையில், அந்தத் துரை ஒன்றும் கெட்டவராகத் தெரியவில்லை. அவர் வேலையை அவர் செய்தார். ஆகையால் இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம், தங்கச்சிக்குக்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். வெண்ணந்தூரில் தங்கள் மனிதர்களை விட்டுப் பையனைப் பற்றி நன்றாக விசாரிக்கச் சொல்லுங்கள். அவன் கை சுத்தமானவன், எதையும் தொட மாட்டான் என்று தெரியவந்தால் மட்டும் எனக்கு உடனே ஒரு தந்தி கொடுங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.